அம்மணியின் மூச்சுக்கு ஒரு முருகா

இதை எழுதலாம் என்று பேனாவை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாகச் சில வருடங்கள் ஓடிவிட்டன. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், கோர்வையாக எழுத வராது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் இந்தச் சம்பவத்தை வேறு மாதிரி சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கும், பக்தி உள்ள யாருக்கும் கண் கலங்கும். நடந்ததை நடந்தபடி நான் சொன்னால் சாமிக்கு எதிராகப் பேசுகிறேன் என்று ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். போன தைப்பூசத்தன்று கோவில் வரிசையில் என் பக்கத்தில் நின்ற வெளியூர் அம்மா ஒருவர், நான் அன்றைக்கு அங்கே இருந்தவள் என்று தெரியாமல், அந்தக் கதையை எனக்கே சொன்னார். அதற்கு மேல் சும்மா இருக்க மனம் வரவில்லை.

கொரோனா முடிந்து கோவில்களெல்லாம் பழையபடி திறந்திருந்த சமயம். மாசி மாதம். கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற ரோட்டில், பெரியநாயக்கன்பாளையம் தாண்டி எங்கள் பஞ்சர் கடை இருக்கிறது. என் வீட்டுக்காரர் கடையைப் பார்க்கிறார், நான் பின்னால் இருக்கும் வீட்டையும் கொஞ்சம் கடையையும் பார்த்துக்கொள்கிறேன். கடைக்கு அடுத்து லாரி எடை மேடை. ரோட்டை விட்டு மலைப் பக்கம் திரும்பினால், நடக்கிற தூரத்தில் அடிவாரத்து முருகன் கோவில். செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் நான் அங்கே போகாமல் இருந்ததில்லை.

அந்தக் கோவிலில் ஒரு பெண் யானை. அதற்கு முறையாக வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் ஊரில் எல்லோருக்கும் அது அம்மணிதான். தீபாராதனை நேரத்தில் கரண்டில் ஓடுகிற மணியும் முரசும் சேர்ந்து அடிக்குமே, அந்தச் சத்தம் கேட்டதும் அம்மணி எங்கே நின்றாலும் சன்னிதி பக்கம் திரும்பி, முன்னங்கால் இரண்டையும் மடித்துத் தும்பிக்கையைத் தூக்கும். பாகன் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. அதைப் பார்க்கவே வெள்ளகோவில், தாராபுரம் என்று எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து, பாரு கண்ணு, ஆனைகூடச் சாமி கும்பிடுது என்று காட்டுவார்கள்.

அந்த அம்மணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. கவளத்தை வாயில் வாங்கும், கொஞ்ச நேரம் வைத்திருந்து துப்பிவிடும். கன்னம் வீங்கி, வாயிலிருந்து கெட்ட நாற்றம். கடைவாய்ப் பல் ஒன்று கோணலாக முளைத்து, சொத்தையாகி, உள்சதையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பல்லை எடுத்தாக வேண்டும். கை முழுவதையும் வாய்க்குள் விட்டு உளி வைத்து எடுக்க வேண்டிய வேலை என்பதால், நிற்க வைத்துச் செய்ய முடியாது, முழு மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றார்கள்.

மயக்க மருந்துக்கு எடை தெரிய வேண்டும் அல்லவா, அதனால் அம்மணியை எங்கள் பக்கத்து எடை மேடைக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கூடவே மயக்கம் கொடுக்கும் டாக்டரும் வந்திருந்தார். சின்ன வயதுப் பெண், ஒல்லியான உடம்பு, என் தங்கை மகள் போல இருந்தார். எடையைக் குறித்துக்கொண்டு திரும்பியவர், எங்கள் கடையில் தொங்குகிற லாரி டியூப்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏனுங்ணா, இதுல காத்து நிக்குமாங்க? எனக்கு ஏழெட்டு வேணுமுங்க."

என் வீட்டுக்காரர் யானையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நிக்குமுங்க. ஆனா ஆனைக்கு எங்கீங்க பஞ்சரு?"

எடை மேடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அந்தப் பெண் மட்டும் சிரித்துக்கொண்டே விளக்கிச் சொன்னார். யானை படுத்தால் கீழே மாட்டிக்கொள்கிற தோளும் காலும் அதன் எடையிலேயே நசுங்கி மரத்துப்போகுமாம். பிறகு எழுந்திருக்கவே முடியாதாம். காற்றடித்த டியூபின் மேல் படுக்க வைத்தால் அந்தப் பயம் குறையும்.

"நிக்கற வரைக்கும்தானுங்க அது ஆனை. படுத்துட்டா அதோட கனமே அது மேல ஏறி உக்காந்துக்கும். அதுவும் பக்கவாட்டுல படுத்துட்டாப் பரவால்லீங்க. நெஞ்சைக் குப்புறப் போட்டு உக்காந்துடுச்சுன்னா மூச்சே விட முடியாதுங்க."

நமக்கெல்லாம் நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறதாம். யானைக்கு இரண்டும் ஒட்டியே இருக்குமாம். நெஞ்சு விரிந்தால்தான் நுரையீரல் விரியும், நெஞ்சு தரையில் அழுந்திவிட்டால் உள்ளே காற்று போக வழியில்லை. மரத்தைச் சாய்க்கிற பலம் உள்ள ஜீவனுக்கு ஆண்டவன் இப்படி ஒரு மெல்லிய இடத்தையும் வைத்திருக்கிறானே என்று எனக்கு மெய் சிலிர்த்தது. இதை நான் என் காதாலேயே கேட்டேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்கம் கொடுக்கும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டுமாம். முந்தின நாள் முழுக்கப் பாகன் கையில் குச்சியோடு அம்மணிக்குக் காவல் இருந்தார். வாழைப்பழத்தோடு வருகிறவர்களிடமெல்லாம், இன்னைக்கு வேண்டாமுங்க, உங்க கையாலயே அதைக் கொன்னுபோடாதீங்க என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாராம். பழைய ஆள் அவர். எப்போதும் அம்மணியைத் திட்டிக்கொண்டே இருப்பார். ஒதுங்குடி, கால எடுடி, உனக்கென்ன மகாராணின்னு நெனப்பா என்று நாள் முழுக்கத் திட்டுவார். அம்மணியும் அந்தத் திட்டு கேட்டால்தான் நடக்கும்.

அன்று காலை வெயில் ஏறும் முன்பே டியூப்களைக் கோவில் திடலில் இறக்கிவிட்டோம். மணல் கொட்டி, அதன் மேல் தேங்காய் நார்க்கழிவு மூட்டைகள் அடுக்கி, டியூப்களைப் பரப்பி, மேலே தார்ப்பாய் போட்டு ஒரு மெத்தை தயார் செய்திருந்தார்கள். அம்மணியின் உடம்பைச் சுற்றி அகலமான பட்டைக் கயிறு கட்டி, அதன் நுனி ஒரு டிராக்டரில் மாட்டப்பட்டிருந்தது. மயங்கிச் சாயும்போது மெத்தைப் பக்கமாக இழுத்துக்கொள்ள. கயிறு பிடிக்க ஆட்கள் நின்றார்கள். மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. சத்தமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மைக் இல்லை, நாதசுரம் இல்லை, குழந்தைகள்கூட வாய் திறக்கவில்லை. ஈரக் கோணிச்சாக்கை யானையின் காது மேல் போட்டுச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள் வேண்டும் என்றார்கள். அப்படித்தான் நான் தடுப்புக்கு உள்ளே போனேன்.

பாகனை மட்டும் டாக்டர் தூரமாக, மதில் ஓரத்தில் நிற்கச் சொன்னார். அவர் குரல் கேட்டால் அம்மணி தூக்கத்தோடு சண்டை போடும், அதனால் பேசவே கூடாது. அந்த மனிதர் தலைத் துண்டை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார்.

மருந்தை எடுக்கும்போது அந்தப் பெண்ணின் முகம் மாறியது. கையுறை மேல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. இத்தனை பெரிய யானைக்கு அந்த மருந்து சின்னப் பாட்டிலில் அடிமட்டத்தில் கிடந்தது. அது ஒரு சொட்டு மனிதர் ரத்தத்தில் கலந்தாலே உயிருக்கு ஆபத்தாம். இன்னொரு ஊசியில் மாற்று மருந்தை நிரப்பித் தன் உதவியாளர் கையில் கொடுத்தார்.

"நான் உளுந்தா மொதல்ல இதை எனக்குப் போடுங்க. போட்டுட்டு ஆனையைப் பாருங்க. யோசிச்சுட்டு நிக்காதீங்க."

காய்கறி வாங்கப் பை எடுத்துக் கொடுப்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டேன். அம்மணிக்காகக் கும்பிட்டேனா அந்தப் பெண்ணுக்காகவா என்று எனக்கே தெரியாது.

ஊசி போட்டாயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு காது ஆட்டம் மெதுவானது. தும்பிக்கை தொங்கி மண்ணைத் தொட்டது. பின்னங்கால் லேசாக அகன்றது. டாக்டர் கையைத் தூக்கி டிராக்டர்காரருக்குத் தயாராகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துச் சன்னிதிக்குள் மணி அடித்தது.

அது யார் குற்றமும் இல்லை. அம்மணி நல்லபடியாக எழுந்திருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் உள்ளே சிறப்பு அபிஷேகத்துக்குச் சொல்லியிருந்தோம். அபிஷேகம் முடிந்து தீபாராதனை. மைக்கை நிறுத்தினோம், மேளத்தை நிறுத்தினோம், கரண்டு மணியைச் சத்தம் என்று யாரும் நினைக்கவில்லை. அது சாமியோடு சேர்ந்த ஒன்று. தீபம் ஏறினால் சுவிட்சுக்குக் கை போவது உள்ளே இருந்தவருக்குப் பழக்கம், யோசித்துச் செய்கிற காரியம் இல்லை.

யோசிக்காமல் செய்தது அவர் மட்டும் இல்லை. பாதி மயக்கத்தில் இருந்த அம்மணி, தொங்கிய தலையை நிமிர்த்தியது. மெத்தைப் பக்கம் சாயாமல், அதன் ஓரத்திலேயே சன்னிதி பக்கம் திரும்பியது. கயிறு பிடித்தவர்கள் இழுபட்டுப் போனார்கள். தினமும் செய்வது போல முன்னங்கால்களை மடித்தது. தும்பிக்கையைத் தூக்கப் பார்த்தது, பாதி தூரம் போய் விழுந்துவிட்டது. பிறகு பின்னங்கால்களும் மடிந்து, அப்படியே நெஞ்சு தரையில் படிய உட்கார்ந்து, கண்ணை மூடியது.

கூட்டத்தில் எழுந்த சத்தத்தை எப்படிச் சொல்வேன். தூங்கும் மருந்து போட்டும் அது சாமியைக் கும்பிடுகிறது. முருகா, முருகா என்று அழுதார்கள். தடுப்புக்குள்ளேயே யாரோ சூடத்தைக் கொளுத்தினார்கள். கயிறு பிடித்திருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுக் கை கூப்பினார்கள். எங்கள் கடையில் அந்தப் பெண் சொன்னதைக் கேட்டிருந்த நானும்தான், ஈரச் சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் தாரையாக வந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஒன்றை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

டாக்டர் ஓடி வந்து அம்மணியின் தோளில் கை வைத்துத் தள்ளினார். எல்லாரும் வாங்க, புரட்டுங்க என்று கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. வயதான ஒருவர் முன்னால் வந்து மறித்தார்.

"அம்மா, சாமி கும்புடறதைத் தொடக்கூடாதுங்க. அதுவா எந்திரிக்கட்டும்."

"அது கும்பிடலீங்கய்யா. மூச்சு விட முடியாமக் கெடக்குதுங்க."

"உங்களுக்குப் படிப்புத் தெரியுமுங்க. எங்க அம்மணிய எங்களுக்குத் தெரியும்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதுதான் அப்போது எங்கள் எல்லோர் மனதிலும் இருந்தது. அதற்குள் பூசாரி தீபத்தட்டோடு வெளியே வந்துவிட்டார். தீபாராதனை முடிகிற வரை வழியில் யார் மேலும் படாமல் ஒதுங்கி நடக்கிற மனிதர் அவர். டாக்டர் அவரைக் கிட்டே கூப்பிட்டார். அம்மணியின் உதட்டை இரண்டு கையாலும் ஒதுக்கிக் காட்டினார், அவ்வளவுதான். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய சதை நாவல்பழம் தின்ற வாய் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. விலா பெரிதாகத் துடித்தது, உள்ளே காற்று போகிற சத்தம் மட்டும் இல்லை.

பூசாரி அந்த வாயைப் பார்த்தார். தீபத்தட்டை மண்ணில் வைத்தார். சன்னிதியிலிருந்து எடுத்த தட்டை அவர் தரையில் வைத்து நான் பார்த்ததே இல்லை. அம்மணியின் காதோரம் குனிந்து, "கும்புட்டது போதும் தாயி, சாஞ்சுக்கோ" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று, அதன் தோளில் தன் வெறும் முதுகைக் கொடுத்து, மண்ணில் காலை ஊன்றித் தள்ள ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. என் வீட்டுக்காரர் பூசாரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மறித்த பெரியவரும் வேட்டியை மடித்துக் கட்டினார். தடுப்பைத் தள்ளிவிட்டு ஆட்கள் வந்தார்கள். கயிற்றுப் பட்டை இறுகியது, டிராக்டர் முனகியது. அம்மணி அசையவில்லை. அது ஒரு பாறையைத் தள்ளுவது போலத்தான் இருந்தது, ஆனால் தோல் சூடாக இருந்தது, பாறை அப்படி இருக்காது.

மதில் ஓரத்திலிருந்து பாகன் வாயிலிருந்த துண்டைத் துப்பிவிட்டு ஓடி வந்தார். டாக்டர் அவரைப் பார்த்து, பேசுங்க, இப்பப் பேசுங்க என்றார்.

"சாய்டி அம்மணி. ஏன்டி என்ற உசுர வாங்கறே? சாய் கண்ணு, சாய்."

அந்தக் குரல் அதற்குக் கேட்டதா, இத்தனை பேர் தள்ளியதுதானா, அந்த நேரத்தில் மருந்து தசையை இன்னும் தளர்த்தியதா, டாக்டருக்கே தெரியாதாம். மலை நகர்வது போல அந்த முதுகு மெதுவாக எங்களை விட்டு அந்தப் பக்கம் போனது. தொப்பென்று மெத்தையில் சாய்ந்தது. டமார் என்று ஒரு டியூப் வெடித்தது. அதற்கு மேலாக ஒரு சத்தம், லாரியில் ஏர் பிரேக் விட்டால் வருமே அது போல, அம்மணியின் தும்பிக்கை வழியாகப் பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்து மண்ணைப் பறக்க வைத்தது.

பூசாரி மணிக்கு வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தார்.

வேலை ஆரம்பமானது. வாயைத் திறந்து வைக்கக் கயிறு சுற்றிய மரக்கட்டை. வயதான டாக்டர் ஒருவர் மண்ணில் படுத்துக்கொண்டு தோள் வரை கையை உள்ளே விட்டார். அந்தப் பெண் காதோரம் உட்கார்ந்து, ரத்தக்குழாயில் ஊசியும் கண்ணில் கவனமுமாக இருந்தார். தும்பிக்கையின் ஒரு துளையில் ஆக்சிஜன் குழாய். மூச்சைக் காட்டும் மெஷின் ஒன்று இருந்தது, யானைத் தோலுக்கு அது சரியாகப் பிடிக்காமல் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. தும்பிக்கையைப் பிடித்திருந்த உதவியாளரை வேறு வேலைக்கு எடுக்க வேண்டி வந்தபோது, அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க இங்க வாங்க. தும்பிக்கைய நேரா வச்சுக்கோங்க. மடியவே கூடாதுங்க. உள்ளங்கைய முன்னாடி வச்சுக்கிட்டு, மூச்சு வர்றப்பெல்லாம் சத்தமாச் சொல்லுங்க."

"என்னன்னு கண்ணு சொல்றது?"

"என்ன வேணாலும் சொல்லுங்க்கா. என்ற காதுல உளுந்தாப் போதும்."

மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தத் தும்பிக்கையை மடியில் வாங்கிக்கொண்டேன். அப்பா, என்ன கனம். நுனியில் விரல் போல ஒரு மொட்டு, அதைச் சுற்றி ஈரம், பூனை மீசை போல நாலு முடி. கையை முன்னால் வைத்தேன். சூடான காற்று உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு விரல் சந்தில் வழிந்தது. என் வாயில் தானாக வந்தது, முருகா.

மயக்கத்தில் யானையின் மூச்சு நம்முடையதைப் போல அடிக்கடி வராது. ஒன்று வந்தால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அது வருமா வராதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது, அடுப்பைத் திறந்தது போலச் சூடு வரும். முருகா. திரும்பக் காத்திருப்பு. முருகா. வீட்டில் மாலையை உருட்டிக்கொண்டு இதே பெயரை விறுவிறு என்று சொல்லி முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறவள் நான். ஒவ்வொரு முருகாவும் கிடைத்தால்தான் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும், என்னைத் தொடர்ந்து முணுமுணுவென்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் சொன்னால் அவர்களும் சொல்வார்கள். நான் நிறுத்தினால் அவர்களும் நிறுத்திக் காத்திருப்பார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. உளி தட்டும் சத்தம், நடுவில் என் குரல். வெயில் ஏறிவிட்டது. பல் ஆடுகிறது என்று வயதான டாக்டர் சொன்னார். அப்போது ஒரு மூச்சுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். என் வாய் திறந்தபடியே இருந்தது, சொல்ல ஒன்றும் இல்லை. உளி நின்றது. ஊரே நின்றது.

"அக்கா?" என்றார் அந்தப் பெண்.

"வரலீங்க."

என்னை அறியாமல் அவருக்கு மரியாதை போட்டு 'ங்க' என்றுவிட்டேன், அதற்கு முன்னால் கண்ணு என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மாற்று மருந்து ஊசியைக் காது நரம்பில் சொருகினார், அழுத்தவில்லை. அழுத்தினால் அம்மணி விழித்துக்கொள்ளும், பல் பாதியில் நிற்கும், வாய்க்குள் கை வைத்திருப்பவர் கதி என்னவோ. மறு கையால் தும்பிக்கையை அடியிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். நடுவில் ஓர் இடத்தில் அது லேசாகத் தொய்ந்திருந்தது. வாயிலிருந்து வழிந்த தண்ணீரும் ரத்தமும் அங்கே தேங்கி அடைத்திருக்கிறது. தூக்குங்க என்றார். பாகனும் நானும் நடுவில் தூக்கி, நுனியைத் தாழ்த்தினோம். என் சேலை மேல் எல்லாம் கொட்டியது. ஒன்றும் வரவில்லை. அவர் கட்டை விரல் ஊசியின் மேல் இருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

என் முந்தானை பறந்தது. முகத்தில் சுடச்சுடக் காற்று அடித்தது.

முருகா என்று நான் சொல்லவில்லை, அழுதேன். ஊர் அதைச் சொன்னது.

பல் வந்துவிட்டது. செங்கல்லில் பாதி அளவு, கருத்துப்போய், நாற்றம் தாங்காது. காயத்தைக் கழுவி மருந்து வைத்து முடித்ததும், எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். மாற்று மருந்து போட்டால் யானை சட்டென்று எழுந்துவிடும், யார் எவர் என்று அதற்குத் தெரியாதாம். நான் தும்பிக்கையை மண்ணில் வைக்கப் போனேன். அந்த விரல் போன்ற நுனி என் மணிக்கட்டைச் சுற்றி லேசாகப் பற்றியது. தூக்கத்தில் குழந்தை நம் விரலைப் பிடிக்கும் அல்லவா, அது மாதிரி. விட மனம் இல்லை. டாக்டர் என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் தடுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு காது அசைந்தது. வால் அசைந்தது. பிறகு அந்தப் பெரிய உடம்பு ஓர் உலுக்கு உலுக்கி, முன்னங்காலை ஊன்றி, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு எழுந்து நின்றது. சற்று முன் வரை என் உள்ளங்கை அகலத்துக்குள் இருந்த உயிர், கோபுரம் மறைகிற மாதிரி நின்றது. பாகன், எத்தன பேரப் படுத்தி வச்சுட்டேடி என்று திட்ட ஆரம்பித்தார். குரல் உடைந்து, திட்டு பாதியில் நின்றுபோனது.

அம்மணி தள்ளாடித் தள்ளாடிச் சன்னிதி பக்கம் திரும்பியது. திரும்ப மண்டியிட்டுவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அது மண்டியிடவில்லை. தும்பிக்கையை வாய்க்குள் விட்டுப் பல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. பூசாரி மண்ணில் கிடந்த தட்டை எடுத்து, குளித்துவிட்டு வந்து, திரும்ப ஏற்றிய தீபத்தை அம்மணிக்கும் சேர்த்துக் காட்டினார். மணி அடிக்காத தீபாராதனையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அம்மணி மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் பெண் வெடித்த டியூபின் மேல் உட்கார்ந்து, அக்கா காப்பி கிடைக்குமாங்க என்று கேட்டார். டம்ளரை வாங்கி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயந்துட்டியா கண்ணு என்று கேட்டேன். "நீங்க நிறுத்தினப்ப எனக்கும் மூச்சு நின்னுபோச்சுங்க்கா" என்றார். அவ்வளவுதான் பேசினோம். என் வீட்டுக்காரர் அந்த வெடித்த டியூபை ஒட்டவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. கடையில் முருகன் படத்துக்குக் கீழே மாட்டி வைத்திருக்கிறார். வருகிற லாரிக்காரர்கள் கேட்டால், ஆனை பஞ்சர் பண்ணுனதுங்க என்பார்.

அம்மணி நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறிவிட்டது. அதற்குப் பிறகு கோவிலில் அதை யாரும் மண்டியிட வைப்பதில்லை. அது திடலில் நிற்கும் நேரத்தில் கரண்டு மணியும் ஓடுவதில்லை, பூசாரி கைமணியைத்தான் ஆட்டுகிறார்.

தைப்பூசத்தன்று அந்த வெளியூர் அம்மா சொன்ன கதையில், மயக்க ஊசியையும் மீறி யானை மண்டியிட்டுக் கும்பிட்டதாம், சொத்தைப் பல் தானாகக் கழன்று விழுந்ததாம், டாக்டர்கள் திகைத்து நின்றார்களாம். அவர் கையெடுத்துக் கும்பிட்டபடி சொன்னார். அவரை நான் மறுத்துப் பேசவில்லை. அவர் கண்ணில் இருந்த நீர் அன்றைக்கு என் கண்ணில் இருந்த அதே நீர்தான்.

ஆனால் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொல்வதாக இருந்தால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். பல் தானாக விழுந்தது என்று சேர்க்க வேண்டாம், முருகா என்று சொன்னதை மூடநம்பிக்கை என்று எடுக்கவும் வேண்டாம். அம்மணி மண்டியிட்டதைச் சொல்லுங்கள், அது உயிருக்குப் போராடிய நேரம் என்பதையும் சொல்லுங்கள், தீபத்தட்டைத் தரையில் வைத்துவிட்டு முதுகைக் கொடுத்தவரையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். அன்று சாமி எங்கே இருந்தார் என்று யாராவது கேட்டால், நாங்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றபோது அவர் அந்த யானையைப் புரட்டச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நான் நம்புகிறேன், இப்போதும் முருகா என்று சொல்லும்போதெல்லாம் என் உள்ளங்கையில் அந்தச் சூடு வந்து போகிறது.